மதிலுக்குள் ஓர் ஊராட்சி

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் பெருங்குடி தாண்டித் தெற்கே போகப் போக, ஊரின் பெயரைவிட வளாகத்தின் பெயரைச் சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கு வழி புரிகிறது. கால் நூற்றாண்டுக்குள் நடந்த மாற்றம் இது. தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2000-இல். 2008-இல் ஆறு வழிச் சாலை வந்தது. மென்பொருள் நிறுவனங்கள் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று நகர்ந்துகொண்டே போக, அங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு தேவைப்பட்டது. நிலம் இருந்தது. ஏரியும் வயலும் சவுக்குத் தோப்புமாக இருந்த நிலம். குடிநீர்க் குழாய் இல்லை, பாதாளச் சாக்கடை இல்லை, மழைநீர் வடிகாலும் இல்லை. அந்த ஊர்கள் அப்போது ஊராட்சிகளாகவும் பேரூராட்சிகளாகவும் இருந்தன. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது செம்மஞ்சேரி வரை நகரத்துக்குள் வந்தது. நாவலூரும் அதற்குத் தெற்கே இருக்கும் பல ஊர்களும் ஊராட்சிகளாகவே நின்றன.

இந்த ஊர்களில் எழுந்த மதில் சூழ்ந்த வளாகங்களைக் கேட்டட் கம்யூனிட்டி என்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும்தான் பேச்சில் முதலில் வருகின்றன. அவற்றுக்காக மட்டும் மக்கள் அங்கே போவதில்லை. தண்ணீர், கழிவுநீர், குப்பை, தெருவிளக்கு, காவல் ஆகிய ஐந்தும் ஓர் உள்ளாட்சி அமைப்பு செய்து தரவேண்டியவை. அது செய்யாத இடத்தில், ஐந்தையும் தாங்களே செய்துகொள்வதாக ஐந்நூறு குடும்பங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதுதான் கேட்டட் கம்யூனிட்டி. அங்கே வீடு வாங்குகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, சின்ன ஊராட்சி ஒன்றில் பங்கு வாங்குகிறார். அதை நடத்தவேண்டிய பொறுப்பும் அவர் தலையில்தான் விழுகிறது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. குடியேறிய பிறகு எழும் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தண்ணீரில் தொடங்குவதுதான் முறை. இந்தியத் தர அளவுகளின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால், 500 வீடுகள் உள்ள வளாகத்துக்கு ஒரு நாளைக்கு 2,70,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் தினமும் 22, 23 லாரிகள். மழைக்காலத்தில் போர்வெல் கொடுக்கும். பிப்ரவரிக்குப் பிறகு போரின் தண்ணீரில் உப்பு ஏறும், இரும்புக் கறை படியும். மே மாதத்தில் சில போர்கள் காற்றை மட்டும் இழுக்கும். பிறகு முழுக்க லாரிதான். அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுற்றுக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்தும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும். நிலத்தடி நீர் எடுப்பதற்கு வந்த கட்டுப்பாடுகளை எதிர்த்து 2018 அக்டோபரில் தனியார் தண்ணீர் லாரிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்தச் சாலையின் பல வளாகங்கள் ஒரே நாளில் நிலைகுலைந்தன. அடுத்த ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. கோடி ரூபாய் வீட்டுக்காரர்களும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று குழாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கோடைக்குப் பிறகு சில வளாகங்களின் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் பொருத்தின. எளிய காரியம்போலத் தோன்றும், ஆனால் கடினமானது. பழைய கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு ஒரே குழாய் வராது. சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று நான்கைந்து குழாய்கள் தனித்தனியாக இறங்கும். ஒவ்வொன்றுக்கும் மீட்டர் வேண்டும். செலவு யார் தலையில் என்ற பேச்சிலேயே ஒரு வருடம் போய்விடும். மீட்டர் இல்லாத வளாகத்தில் தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரிக்கிறார்கள். இரண்டு பேர் வாழும் பெரிய வீடு, ஆறு பேர் வாழும் சிறிய வீட்டைவிட அதிகம் கட்டுகிறது. சிக்கனம் செய்பவருக்கு அதனால் ஒரு பைசா லாபமும் இல்லை. வீடு பார்க்கப் போகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி மீட்டர் உண்டா என்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டாவது கேள்வி, கடந்த மூன்று வருடங்களில் ஏப்ரல் முதல் ஜூன் வரை லாரிக்கு எவ்வளவு செலவானது என்பது. கணக்கு வைத்திருக்கும் சங்கம் உடனே காட்டும்.

வரும் தண்ணீரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். போகும் தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் வளாகத்துக்குள்ளேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கவேண்டும். எல்லோரும் எஸ்.டி.பி. என்றே சொல்வார்கள். பயன்படுத்தும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. மேலே சொன்ன 500 வீடுகளில் அது 2,16,000 லிட்டர். அதைச் சுத்திகரித்துக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டால், ஆளுக்கு 45 லிட்டர் வீதம் 90,000 லிட்டர் தீரும். அதற்கும் கட்டும்போதே தனிக் குழாய் போட்டிருக்கவேண்டும். மீதி ஒன்றேகால் லட்சம் லிட்டரில் தோட்டம் கொஞ்சம் குடிக்கும். மழைக்காலத்தில் அதுவும் குடிக்காது. மிச்சம் எங்கே போகிறது? நல்ல சங்கம் என்றால் கட்டுமானப் பணிக்கோ சாலையோர மரங்களுக்கோ கொடுக்க ஏற்பாடு செய்யும். இல்லையென்றால் இரவோடு இரவாக மழைநீர்க் கால்வாயிலோ பக்கத்து ஏரியிலோ சேரும். அந்த ஏரிதான் போர்வெல்லுக்கும் ஊற்று. அரைகுறையாகச் சுத்திகரித்து வெளியே விட்டதை அடுத்த கோடையில் அதே வளாகம் பணம் கொடுத்து மென்னீராக்கிக் குடிக்கிறது.

20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடப் பரப்பு என்றால் மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவேண்டும். எஸ்.டி.பி.யின் கொள்ளளவு, மழைநீர் சேகரிப்புக் குழிகளின் எண்ணிக்கை, எவ்வளவு நீர் எங்கிருந்து எடுக்கலாம் என்பவையெல்லாம் அந்த அனுமதியின் நிபந்தனைகளாக எழுதப்பட்டிருக்கும். பில்டர் ஒப்படைத்ததையும் இந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் குறைகள் அங்கேயே தெரிந்துவிடும். அதைக் கேட்டு வாங்கும் வாங்குநர்கள் மிகவும் அரிது. மாடுலர் கிச்சனின் நிறத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்வாசி இதற்குப் போதும்.

வெள்ளத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. இந்தப் பாதையின் இரு பக்கமும்தான் வளாகங்கள் எழுந்தன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் படகிலும் டிராக்டரிலும் மக்களை வெளியே கொண்டுவந்தார்கள். எட்டாம் மாடிக்கு வெள்ளம் வராது என்பது சரிதான். ஆனால் அடித்தளத்தில் மோட்டாரும் மின்பலகையும் ஜெனரேட்டரும் மூழ்கினால் எட்டாம் மாடியில் லிப்ட் இல்லை, தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை, செல்பேசிக்குச் சார்ஜும் இல்லை. முதல் மாடிக்காரர் நடந்தாவது வெளியேறுவார். மேலே இருக்கும் முதியவர் என்ன செய்வார்? மின்சாதனங்கள் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று தரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. தன் தரையை மண் கொட்டி நான்கடி உயர்த்திக்கொள்ளும் ஒவ்வொரு வளாகமும், அதே தண்ணீரைப் பக்கத்துத் தெருவின் ஓட்டு வீட்டுக்குள் தள்ளுகிறது. 2022-இல் பள்ளிக்கரணை, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியைப் பெற்றது. அதற்குள் சதுப்பின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

இனி, எது யாருடையது என்ற கேள்வி. அடுக்ககத்தில் ஒருவருக்குச் சொந்தமாவது சுவர்களுக்கு நடுவே உள்ள இடமும், பிரிபடாத நிலப் பங்கும். அந்தப் பங்கை யூ.டி.எஸ். என்பார்கள். எல்லா வீடுகளின் யூ.டி.எஸ்.ஸையும் கூட்டினால் மொத்த நிலம் வரவேண்டும். வரவில்லையென்றால் பில்டர் கொஞ்சம் தன் கையில் வைத்திருக்கிறார். அடுத்த கட்டமாக இன்னொரு டவர் எழும்பலாம், நீங்கள் பூங்கா என்று நினைத்த இடத்தில். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், அதாவது மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், வந்தபிறகு பல விஷயங்கள் மேம்பட்டிருக்கின்றன. பொது இடங்களின் பங்கையும் சேர்த்துக்கொள்ளும் சூப்பர் பில்ட்-அப் என்ற மாயக் கணக்கை விட்டு, வீட்டுக்குள் பயன்படும் கார்ப்பெட் பரப்பைச் சொல்லவேண்டும். ஒப்பந்தம் பதியாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வாங்குநர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் இருக்கவேண்டும். கட்டமைப்புக் குறை ஐந்தாண்டுக்குள் வெளிப்பட்டால் பில்டர் தன் செலவில் சரிசெய்யவேண்டும். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது இந்தச் சட்டத்துக்கு முந்தைய காலம். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளிகள்.

கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் சண்டைகளுக்கு அளவே இல்லை. திறந்தவெளி நிறுத்துமிடம் ரெராவின்படி பொது இடம், தனியாக விற்கமுடியாது. கட்டடத்தின் கீழே தூண்களுக்கு நடுவே அமையும் ஸ்டில்ட் நிறுத்துமிடத்தையும் பில்டர் தனிச் சொத்துபோல விற்கமுடியாது என்று மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ரசீதில் ‘கார் பார்க்கிங்’ என்று பல லட்சங்கள் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

வில்லாக்களும் தனி மனைகளும் உள்ள வளாகங்களில் வேறு ஒரு சிக்கல். மனைப்பிரிவு அனுமதி பெறும்போது உள்ளே போடும் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்கவேண்டும். நிலப்பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக, அதாவது ஓ.எஸ்.ஆர். நிலமாக, அதேபோலக் கொடுக்கவேண்டும். கொடுத்தபிறகு அந்தச் சாலையும் பூங்காவும் ஊர்ச்சொத்து. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அங்கே விளையாடலாம். அதைச் சுற்றி மதில் எழுப்பி வாசலில் காவலரை நிறுத்துவது, விளம்பரத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், பிறர் சொத்தை மறிப்பதுதான். ‘முழுப் பாதுகாப்பு வளைய’த்துக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர், அந்த வாசலை ஒருநாள் உள்ளாட்சி அகற்றச் சொன்னால் யாரிடம் முறையிடுவார்? தானப் பத்திரத்தின் நகலை முன்பே கேட்டுப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சங்கத்துக்கு வருவோம். நகரத்தின் பல சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. 1994-ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டத்துக்கு மாற்றாக 2022-இல் நிறைவேற்றப்பட்ட புதிய சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்பது அதன் முக்கியமான மாற்றம். முப்பது வருடம் கழிந்த அடுக்ககங்களில் ஒரே ஒருவர் மறுத்ததால் எல்லோரும் சிமென்ட் உதிரும் கூரைக்குக் கீழே காத்திருந்த நிலைக்கு இது விடை. இன்று புதிதாக வாங்குகிறவருக்கும் இது பொருந்தும். வீடு என்றைக்கும் நிற்கும் பொருளன்று. உங்கள் கையில் நிலைப்பது யூ.டி.எஸ். மட்டும்தான்.

பணம். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் சதுர அடிக்கு மூன்று முதல் ஐந்து ரூபாய் வரை மாதப் பராமரிப்புக் கட்டணம் சாதாரணம். 1,500 சதுர அடி வீட்டுக்கு 4,500 முதல் 7,500 ரூபாய். ஒரு வீட்டின் கட்டணம் மாதம் 7,500-ஐத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. வரி முழுத்தொகைக்கா, 7,500-க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமா என்ற வழக்கில், மேற்பட்ட தொகைக்கு மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2021-இல் தீர்ப்பளித்தார். மின்சாரத்தையும் சொல்லவேண்டும். 2022 செப்டம்பர் கட்டண உயர்வின்போது லிப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் எனத் தனிக் கட்டணம் வந்தது. வீடுகளுக்குரிய சலுகைகள் அதற்கு இல்லை. லிப்ட் இல்லாத சிறு அடுக்ககங்களுக்கு அடுத்த ஆண்டு குறைத்தார்கள். பெரிய வளாகங்களுக்குக் குறையவில்லை.

மாதக் கட்டணத்தைவிட முக்கியமானது, பெரிய செலவுகளுக்கென்று சேர்த்துவைக்கும் கார்ப்பஸ் நிதி. பில்டர் ஒப்படைக்கும்போது லிப்டுகள் புதியவை, பெயிண்ட் புதியது, எஸ்.டி.பி. புதியது. பத்து வருடத்துக்குள் வெளிப்பூச்சு ஒருமுறை, பதினைந்து இருபது வருடத்தில் லிப்ட் மாற்றம், இடையில் நீர்க்கசிவு, ஜெனரேட்டர், குழாய்கள். சேமிப்பு இல்லாத சங்கம் அந்தச் சமயத்தில் வீட்டுக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்கும். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது இடி. கட்டணத்தைக் குறைப்பேன் என்று சொல்லித் தேர்தலில் ஜெயிக்கும் நிர்வாகக் குழு, வரப்போகிற செலவை அடுத்த குழுவின் மேல் தள்ளுகிறது. கட்டணம் குறைவாக இருப்பதை நல்ல அறிகுறி என்று வாங்குநர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன்.

சங்கத்தை நடத்துபவர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வேலைக்குப் போகும் பெண், வீட்டிலிருந்து கணினியில் பணிபுரிபவர் என நான்கைந்து பேர், ஒரு ரூபாய் ஊதியமின்றி, லாரிக்காரரிடமும் லிப்ட் கம்பெனியிடமும் தணிக்கையாளரிடமும் பேசுகிறார்கள். இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் நின்றால் வாட்ஸ்ஆப் குழுவில் வசவு வாங்குவதும் அவர்களே. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஐந்நூறு பேரில் நாற்பது பேர் வருவார்கள். கோரம் இல்லாமல் அரைமணி ஒத்திவைத்துத் திரும்பக் கூட்டுவார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பெரும்பாலான சங்கங்களில் வாக்கு இல்லை, சில இடங்களில் கூட்டத்துக்கு அழைப்பும் இல்லை. பாதி வீடுகளில் வாடகைதாரர் இருக்கும் வளாகத்தில், தண்ணீர் எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பவர் வெளிநாட்டில் வாழும் உரிமையாளராக இருப்பது சரியான ஏற்பாடன்று. அன்றாடம் வாழ்பவர்களுக்கு அன்றாட விஷயங்களில் குரல் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. துணைவிதியில் ஒரு வரி போதும்.

பாதுகாப்பு வேண்டித்தான் வந்தோம் என்று பலரும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக நடைப்பயிற்சி போகமுடிகிறது. ஏழு வயதுக் குழந்தை தெருவைக் கடக்காமல் விளையாடப் போகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கு எதிர்வீட்டில் யாராவது இருக்கிறார்கள் என்பதே பெரிய தெம்பு. கோயம்புத்தூரில் முதியோருக்கென்றே இத்தகைய வளாகங்கள் எழுந்ததற்கு அந்தத் தேவைதான் காரணம். இதையெல்லாம் ஏளனமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மதில் தரும் நிம்மதிக்கு எல்லை உண்டு. மானுடவியலாளர் செத்தா லோ நியூயார்க், சான் அன்டோனியோ புறநகர்களின் இத்தகைய வளாகங்களை ஆராய்ந்து 2003-இல் எழுதிய நூலில், உள்ளே குடிபுகுந்தவர்களின் அச்சம் தீரவில்லை, வெளியாள் யார் என்ற பதற்றம் கூடியதும் உண்டு என்று காட்டினார். சென்னைக்கு இதைவிடக் கொடிய பாடம் 2018-இல் வந்தது. அயனாவரத்தில், காவலர்களும் கேமராக்களும் இருந்த ஓர் அடுக்ககத்தில், செவித்திறன் குறைந்த சிறுமி ஒருத்தியை லிப்ட் இயக்குபவர், காவலர், பிளம்பர் எனப் பலர் மாதக்கணக்கில் பாலியல் வன்கொடுமை செய்திருந்தார்கள். 2020-இல் பதினைந்து பேர் தண்டிக்கப்பட்டார்கள். அத்தனை வீடுகள் இருந்தும் அந்தக் குழந்தை எங்கே இருக்கிறாள் என்று மாதக்கணக்கில் யாரும் கேட்கவில்லை. வாசலில் பெயர் எழுதி வாங்குவதால் குழந்தைக்குப் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. எந்தப் பிள்ளை யாருடையது என்று தெரிந்த பெரியவர்கள், காலியான வீடுகளின் சாவி யாரிடம் என்ற பதிவு, யார் முறையிட்டாலும் விசாரிக்கும் ஒரு சிறு குழு ஆகியவை வேண்டும்.

அயனாவரம் சம்பவத்துக்குப் பிறகு பல இடங்களில் பழி எல்லாத் தொழிலாளர்கள் மேலும் விழுந்தது. பையைச் சோதித்தார்கள், தனி லிப்டில் ஏறச் சொன்னார்கள், சோபாவில் உட்காரக்கூடாது என்றார்கள். இந்த வளாகங்கள் யாருடைய உழைப்பில் நிற்கின்றன என்று பார்க்கவேண்டும். கூவம், அடையாற்றின் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களை 2000 முதல் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும், 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளுடன் எழுந்த பெரும்பாக்கத்திலும் அரசு குடியமர்த்தியது. நகரத்தின் நடுவே இருந்த வேலையையும் பள்ளியையும் இழந்து வந்த பெண்கள், அடுத்த தெருவின் வளாகங்களில் வீட்டு வேலைக்கு வந்தார்கள். காலை ஆறரைக்கு வாசலில் வரிசையாக நின்று செயலியில் வருகை பதிகிறார்கள். எத்தனை மணிக்கு நுழைந்தார், எத்தனை வீட்டுக்குப் போனார், யார் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்பதெல்லாம் பதிவாகிறது. அவர்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டாத வளாகங்கள் இன்னமும் இருக்கின்றன. நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதன் காரணம் அதுதான். 2007 முதல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் உண்டு. அதில் பதிவு செய்ய ஒரு சனிக்கிழமை முகாம் போடுவது எந்தச் சங்கத்துக்கும் பெரிய வேலையன்று.

காவலர்களில் பலர் அசாம், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். பன்னிரண்டு மணி நேரப் பணி. ஏஜென்சிக்குச் சங்கம் கொடுப்பது ஒரு தொகை, அவர் கைக்குப் போவது வேறு. வைப்பு நிதி கட்டிய ரசீதை மாதந்தோறும் கேட்கும் சங்கம் இருந்தால்தான் அந்த வித்தியாசம் தெரியவரும். எஸ்.டி.பி. தொட்டியில் ஆளை இறக்கும் விஷயத்தில் கேள்வியே கிடையாது. 2013-ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதைக் குற்றமாக்கியது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. இத்தகைய மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. அடைப்பு எடுக்க மலிவான ஆளைத் தேடும் செயலாளர், ஒரு மனித உயிரின் மீது கையெழுத்துப் போடுகிறார்.

தமிழ்நாட்டுக்கு மதில் புதிதன்று. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008-இல்தான் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பரில் ஒரு வீட்டின் உயர்ந்த மதில் மழையில் சரிந்து பதினேழு தலித்துகள் இறந்தார்கள். வளாக மதில்கள் எல்லாமே அந்த வகை என்று நான் சொல்லமாட்டேன். உள்ளே பல மொழியும் பல சாதியும் பல மதமும் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொள்கின்றன, அது அக்ரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் நடக்காத காரியம். ஆனால் சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும், குடும்பத்தினருக்கு மட்டும் என்ற விளம்பரங்கள் எதைக் குறிக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். இஸ்லாமியக் குடும்பத்துக்கு வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதும் தெரியும். துணைவிதிகளில் இவை எழுதப்படுவதில்லை. தரகரிடம் தொலைபேசியில் சொல்லப்படுகின்றன. எழுதப்படாத விதிக்கு எதிராக எழுதப்பட்ட ஒரு தீர்மானம் தேவை என்பது என் கருத்து.

வாங்குவதா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முடிந்தால் அதே வளாகத்தில் முதலில் வாடகைக்கு இருந்து ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பாருங்கள் என்பதுதான். முடியாதென்றால், மே மாதத்து மதியம் ஒருமுறையும் நவம்பர் மழையில் ஒருமுறையும் போய் வாருங்கள். விற்பனைப் பிரதிநிதியை விட்டுவிட்டு மோட்டார் அறைக்காரரிடம் பேசுங்கள். எந்தப் போர் எந்த மாதம் வற்றும் என்று அவருக்குத்தான் தெரியும். சங்கத்தின் கடைசி மூன்று வருடத் தணிக்கை அறிக்கையும் பொதுக்கூட்டக் குறிப்புகளும் கேளுங்கள். குறிப்புகளில் சண்டை இருந்தால் பயப்படாதீர்கள். ஒரே பெயர்கள் ஒன்பது வருடமாகப் பதவியில் இருந்து எந்த விவாதமும் இல்லையென்றால் யோசியுங்கள்.

கடைசியாக, வெளியே இருக்கும் ஊராட்சி. நாவலூர், தாழம்பூர், படூர் பகுதி வளாகவாசிகளில் பலருடைய வாக்காளர் அட்டை இன்னமும் மயிலாப்பூரிலோ மதுரையிலோ இருக்கிறது. சொத்து வரியைக் கட்டிவிட்டு, ஊராட்சி எதுவும் செய்யவில்லை என்று சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகிறது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர் யாரும் அதில் உறுப்பினர். பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 போதும். உள்ளூர் ஏரியைத் தூர்வாருவது, குடிநீர்க் குழாய் கேட்பது, குப்பைக் கிடங்கு எங்கே அமையவேண்டும் என்பது, வளாகத்தின் உபரி நீர் எங்கே போகிறது என்ற ஊர்க்காரர்களின் கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாவற்றுக்கும் இடம் அதுதான். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். லாரிகளின் வரிசை நீளத் தொடங்கும் மாதத்தில் வரும் அந்தக் கூட்டத்துக்கு, ஒவ்வொரு வளாகத்திலிருந்தும் பத்துப் பேராவது தங்கள் தண்ணீர்க் கணக்கோடு போகலாம்.